இரண்டாவது மகளுக்குப் 'பாரி' என்று பெயர் வைக்கலாமா?

நெத்தலியாறு (விசுவமடு) எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பிள்ளைக்குப் பெயர் வைப்பது பற்றி உங்கள் கருத்தைக் கேட்க வந்திருக்கிறேன். வீட்டில் கதைத்துக் கதைத்தும் முடிவுக்கு வர முடியவில்லை.

எங்களுக்கு இரண்டாவது மகள் கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் பிறந்திருக்கிறாள். உத்திரம் நட்சத்திரம். டே, டோ, பா, பி என்று நான்கு எழுத்துத் தந்தார்கள். 'பா' என்றவுடனேயே எனக்குப் 'பாரி' என்ற பெயர்தான் மனதில் வந்தது. மூத்தவளின் பெயர் முல்லை. முல்லைத்தீவு மாவட்டத்துப் பிள்ளை என்று இவர் ஆசையாக வைத்தது. முல்லைக்குத் தேர் கொடுத்தவன் பாரி. அக்கா முல்லை, தங்கை பாரி. இதைவிடப் பொருத்தமான சோடி எங்கே கிடைக்கும்?

ஆனால் பாரி ஆணின் பெயர். "பொம்பிளைப் பிள்ளைக்கு ஆரும் ராசாவின்ர பேர் வைப்பினமோ?" என்று மாமி கேட்கிறா. அதே மாமிதான் காலையில் எழும்பினால் படுக்கும் வரைக்கும் குழந்தையை "என்ர ராசா, என்ர ராசா" என்று கொஞ்சுகிறவ. அதனால் இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது. அவ சொன்ன மற்றக் காரணம்தான் என்னை நித்திரை கொள்ள விடவில்லை. பாரியின் முடிவு நல்லதில்லையாம். மூவேந்தரும் சேர்ந்து மலையைச் சுற்றி வளைத்து, கடைசியில் மலையும் போய் அவனும் போய், பெண்பிள்ளைகள் ஆதரவில்லாமல் நின்றார்கள். "எங்கட சனம் பட்டது காணாதோ? அதையும் தூக்கிப் பிள்ளையின்ர தலையில வைக்கப் போறியோ?" என்று கேட்டா. மாமி சும்மா வாய்க்கு வந்தபடி சொல்கிற ஆள் இல்லை. அவவும் 2009 யுத்தத்தில் இரண்டு பிள்ளைகளைக் கொடுத்தவ.

எனக்கு இந்தப் பெயர் அப்பாவிடமிருந்து வந்தது. அவர் தபால் கந்தோரில் வேலை செய்தவர். கபிலர் பாரியைப் பாடிய பாட்டுகள் எல்லாம் அவருக்கு மனப்பாடம். விசுவமட்டை விட்டு வெளிக்கிட்டு இடம் இடமாக நகர்ந்து இரணைப்பாலை வரை போனோம். பங்கருக்குள் இருக்கும்போது எனக்கும் தம்பிக்கும் பறம்பு மலைக் கதையைச் சொல்லுவார். உழவர் உழாமலே அந்த மலையில் நான்கு பொருள் விளையும் என்பார்: மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன். ஒரு நேரக் கஞ்சிக்கே வழியில்லாத அந்த நாட்களில் தம்பி அந்த நான்கையும் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்பான். அப்பாவும் ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சொல்வது போலச் சொல்லுவார். அவர் அங்கிருந்து எங்களோடு திரும்பி வரவில்லை.

சொந்தக்காரர் சிலர், பாரி வேண்டாம், அவனுடைய மகளின் பெயரை வை, அங்கவை என்று வை என்கிறார்கள். அழகான பெயர்தான். ஆனால் அப்பனை இழந்து நின்று அழுத பிள்ளையின் பெயரை என் பிள்ளைக்கு வைக்க மனம் வரவில்லை. நானே அப்படி ஒரு பிள்ளை. கொடுத்தவனின் பெயர்தான் எனக்கு வேண்டும். அவள் இன்னாருடைய மகள் என்று இல்லாமல், அந்தப் பெயர் அவளுடையதாகவே இருக்க வேண்டும்.

பிள்ளை பிறந்த 31 ஆம் நாள் துடக்குக் கழிவு வரப்போகிறது, பிறப்புப் பதிவும் செய்ய வேண்டும். பள்ளிக்கூடத்தில் பிள்ளை கஷ்டப்படுவாளா? அடையாள அட்டை, பரீட்சை என்று வரும்போது சிக்கல் வருமா? உங்களில் யாராவது பெண்பிள்ளைக்கு இப்படிப் பெயர் வைத்திருந்தால் சொல்லுங்கோ.

கற்சிலைமடு எழுதியது:

பிள்ளை, நான் வயதுபோன ஆள். மனதில் பட்டதைச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம்.

முதலில் உங்கள் மாமியின் பயத்தைப் பற்றி. தோற்றவனின் பெயர் ஆகாது என்றால் எங்கள் ஊரில் யாருக்கும் வன்னியன் என்று பெயர் இருக்கக் கூடாது. ஆங்கிலேயரின் கப்டன் வொன் டிறிபேர்க் வன்னி அரசன் பண்டார வன்னியனைத் தோற்கடித்தான் என்று 1803 ஒக்டோபர் 31 ஐக் குறித்து வைத்த கல் எங்கள் ஊரில்தான் நின்றது. அந்தக் கல்லைப் பார்த்து வளர்ந்தவர்கள்தான் பிள்ளைகளுக்கு வன்னியன் என்றும் பண்டாரவன்னியன் என்றும் பெயர் வைத்தார்கள். அதே வருஷம் ஓகஸ்ட் மாதம் அவன் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்ததைத்தான் சனம் பெரிதாக நினைத்தது. வவுனியாவில் சிலையும் இருக்கிறது. ஆகவே பாரி தோற்றான், செத்தான் என்பதற்காகப் பயப்படத் தேவையில்லை. பாரியின் பெயரைச் சொன்னால் சனத்துக்கு முற்றுகையா ஞாபகம் வருகிறது? தேர்தானே.

ஆனால் பெண்பிள்ளைக்கு ஆண் பெயர் என்பது எனக்குச் சரிவரவில்லை. நீங்கள் அப்பாவின் நினைவில் வைக்கிறீர்கள், அது விளங்குகிறது. பெயரைச் சுமக்கப் போகிறது பிள்ளை. ஒவ்வொரு இடத்திலும் "நான் பெண்தான்" என்று சொல்லிக் கொண்டு நிற்க வேண்டி வரும். 'பா' எழுத்தில் பாரதி இருக்கிறது. மீசை வைத்த புலவரின் பெயர், கலைமகளின் பெயரும் அதுதான். ஒருவரும் கேள்வி கேட்க மாட்டார்கள். யோசித்துப் பாருங்கோ.

முள்ளியவளை எழுதியது:

தங்கச்சி, நான் பெண். என் பெயர் இளங்கோ. நாற்பது வயது தாண்டிவிட்டது. நீங்கள் தேடுகிற ஆள் நான்தான் என்று நினைக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

எங்கள் அப்பா கோவலன் கூத்து ஆடியவர். எங்கள் பக்கத்து முல்லைமோடிக் கூத்து. அந்தக் காலத்தில் பெண் பாத்திரத்தையும் ஆண்கள்தான் ஆடுவார்கள். அப்பா இளந்தாரியாக இருக்கும்போது கண்ணகி ஆடினார். சேலை உடுத்துக் கொண்டை போட்டுச் சிலம்போடு களரியில் இறங்கினால், எங்கள் அம்மம்மாவே கும்பிடுவாவாம். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல் வருகிற நாட்களில் அவர் மச்சம் சாப்பிட மாட்டார். நான் பிறந்தபோது கண்ணகி என்று வை என்று ஊரே சொல்லியிருக்கிறது. அப்பா மட்டும், 'அம்மன்ரை பேர் ஊரில் நிறையப் பேருக்கு இருக்கு, அம்மனைப் பாடினவரின்ர பேரை வைப்பம்' என்று இளங்கோ என்று வைத்துவிட்டார். ஆண் பெண்ணாக வேஷம் கட்டினால் கும்பிடுகிற சனம், பெண்ணுக்கு ஆண் பெயர் வைத்தால் ஏன் குறை சொல்ல வேண்டும் என்பது அவருடைய கேள்வி. அதற்கு ஊரில் பதில் சொன்னவர் இல்லை.

சரி, கஷ்டங்களைச் சொல்கிறேன். தமிழ்த்தினப் போட்டி ஒன்றில் பேச்சில் முதலிடம் வந்தேன். மேடைக்குக் கூப்பிட்டபோது "செல்வன் இளங்கோ" என்றார்கள். நான் போய் நிற்க, அறிவிப்பாளர் "தம்பி வரவில்லையா?" என்று கேட்டார். சான்றிதழிலும் செல்வன் என்றே இருந்தது. இன்றுவரை அது அப்படியேதான் என் கோப்பில் இருக்கிறது. வளாகத்துக்குத் தெரிவானபோது விடுதிப் பட்டியலில் என்னை ஆண்கள் பக்கம் போட்டுவிட்டார்கள். பெட்டியோடு போய் நின்று அழுகையே வந்துவிட்டது. அன்றைக்கே திருத்தித் தந்தார்கள், ஆனாலும் அந்தப் பின்னேரத்தை மறக்கவில்லை. கலியாணக் கார்டில் 'செல்வி இளங்கோ' என்று அடித்ததைப் பார்த்து, அச்சகம் மாறி அடித்துவிட்டது என்று சொந்தத்தில் சிலர் போன் எடுத்தார்கள். இன்றைக்கும் தெரியாத இடத்திலிருந்து அழைப்பு வந்தால் "சேர் நிற்கிறாரா?" என்றுதான் தொடங்குவார்கள்.

ஆறாம் வகுப்பிலிருந்து எட்டு, ஒன்பது வரை எனக்கு இந்தப் பெயர் பிடிக்கவே இல்லை. அந்த வயதில் மற்றவர்களைப் போல இருக்கத்தான் ஆசை. 'இளா' என்று கூப்பிடச் சொல்லிச் சிநேகிதிகளிடம் கெஞ்சுவேன். அப்பாவோடு கோபித்து, ஏன் எனக்கு மட்டும் இப்படி என்று கேட்டிருக்கிறேன். அவர் பேச்சே இல்லாமல் சிலப்பதிகாரத்தை எடுத்து வைத்து வாசித்துக் காட்டினார். பெண் ஒருத்தி பாண்டியனின் சபையில் போய் நின்று கேள்வி கேட்கிற இடம். "இதை எழுதினவரின்ர பேரைத்தான் உனக்குத் தந்தனான்" என்றார். அதற்குப் பிறகும் இரண்டு மூன்று வருஷம் கோபம் போகவில்லை, உண்மையைச் சொல்கிறேன். ஆனால் அந்த வயதிலேயே மதுரைக் காண்டம் முழுக்க எனக்குத் தெரிந்திருந்தது. பெயருக்காக வாசிக்கத் தொடங்கி, பிறகு என்னுடைய பாடமே அதாகிவிட்டது. இப்போது தமிழ் படிப்பிக்கிறேன்.

வைக்கலாமா என்று கேட்டால், வைக்கலாம் என்றுதான் சொல்வேன். ஆனால் ஒன்று செய்யுங்கோ. பிள்ளை பாலர் பாடசாலைக்குப் போகும் முன்னரே கதையைச் சொல்லிக் கொடுத்துவிடுங்கோ. "ஏன் உனக்குப் பெடியன் பேர்?" என்று ஒருவன் கேட்கத்தான் போகிறான். அதற்கு அவள் வாயில் பதில் இருந்தால் போதும். எனக்கு அந்தப் பதிலைப் பன்னிரண்டு வயதில்தான் தந்தார்கள். அதுதான் பிந்திப் போனது.

கற்சிலைமடு ஐயா சொன்ன பாரதி நல்ல பெயர். ஆனால் தங்கச்சி அப்பாவிடம் கேட்ட கதை அந்தப் பெயரில் இல்லையே ஐயா.

கண்டாவளை எழுதியது:

நான் பிரதேச செயலகம் ஒன்றில் வேலை செய்கிறேன். ஆவணம் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பிறப்புப் பதிவில் பால் என்ன என்பதற்குத் தனிக் கூடு இருக்கிறது. பெயரைப் பார்த்து யாரும் அதை நிரப்புவதில்லை. ஆண் பெயர், பெண் பெயர் என்று பட்டியல் எதுவும் சட்டத்தில் இல்லை. 'பாரி' என்று எழுதிக் கொடுத்தால் பதிவாளர் எழுதிக்கொள்வார். மூன்று மாதத்துக்குள் பதிந்துவிடுங்கோ, பிந்தினால் அலைச்சல்.

அடையாள அட்டை 15 வயதில் வரும். அந்த இலக்கத்திலேயே பெண் என்பது இருக்கிறது. பிறந்த வருஷத்துக்குப் பிறகு வருகிற மூன்று இலக்கம், பிறந்த நாள் அந்த வருஷத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 ஐக் கூட்டுவார்கள். ஜனவரி முதலாம் திகதி பிறந்த பெடியனுக்கு 001, பொம்பிளைப் பிள்ளைக்கு 501. பழைய ஒன்பது இலக்க அட்டையிலும் இதே முறைதான், இப்போதைய பன்னிரண்டு இலக்கத்திலும் இதேதான். முள்ளியவளை அக்காவின் விடுதிப் பட்டியலைப் போட்டவர் அடையாள அட்டை இலக்கத்தைப் பார்த்திருந்தால் அக்கா அன்றைக்கு அழுதிருக்கத் தேவையில்லை.

ஆங்கில எழுத்துக்கூட்டலை இப்போதே முடிவு செய்து எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எழுதுங்கோ. ஆணா பெண்ணா என்பதால் வருகிற சிக்கலைவிட, ஓரிடத்தில் ஒரு 'ஏ', இன்னோரிடத்தில் இரண்டு 'ஏ' என்று எழுதியதால் வருகிற சிக்கல்தான் எங்கள் மேசைக்கு நிறைய வருகிறது.

பரந்தன் எழுதியது:

அக்கா, நான் சின்ன வகுப்புப் படிப்பிக்கிறவன். மரண அறிவித்தல்களில் 'அன்னாரின் பாரியார்' என்று வருவதைப் பிள்ளைகள் கேட்டிருப்பார்கள். அதைப் பிடித்துக்கொண்டு யாராவது பகிடி பண்ணக்கூடும், அதையும் யோசியுங்கோ. மற்றப்படி எனக்குப் பெயர் பிடித்திருக்கிறது. என் வகுப்பு இடாப்பில் திலக்சிகா, டிலக்சிகா, திலக்சனா என்று மூன்று பேர் அடுத்தடுத்து இருக்கிறார்கள். கூப்பிடும்போது எனக்கே குழம்புகிறது. பாரி என்று ஒருத்தி இருந்தால் நான் சந்தோஷப்படுவேன்.

வவுனிக்குளம் எழுதியது:

தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்.

கற்சிலைமடு நண்பர் ஆண் பெயர் என்று மொத்தமாகச் சொல்கிறார். எல்லாம் ஒரே மாதிரி இல்லை. கபிலன், அதியன், செழியன் என்று 'அன்' விகுதியில் முடிகிற பெயரைப் பெண்ணுக்கு வைத்தால் வாக்கியத்திலேயே இடிக்கும். 'செழியன் வந்தாள்' என்று எழுதினால் காதுக்கு ஒவ்வாது. பாரிக்கு அந்தத் தொந்தரவு இல்லை. 'பாரி வந்தாள், பாரி பாடினாள்' என்று தடங்கலில்லாமல் ஓடுகிறது. இளங்கோவும் அப்படியே. கடையெழு வள்ளல்களில் பேகனைப் பெண்ணுக்கு வைக்க முடியாது, பாரியை வைக்கலாம். எங்கள் அம்மாக்களின் காலத்தில் மணி, செல்வம் என்ற பெயர்கள் ஆணுக்கும் இருந்தன, பெண்ணுக்கும் இருந்தன. யாரும் குழம்பவில்லை.

இரண்டாவதுதான் எனக்கு முக்கியம். மகளே, அங்கவை என்ற பெயரைச் சொந்தக்காரர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அங்கவை, சங்கவை என்ற பெயர்கள் பிற்காலத்துக் கதைகளில் வருபவை. புறநானூற்றில் அவை இல்லை. 112 ஆம் பாட்டைப் பாடியவர் யார் என்று பார்த்தால் 'பாரி மகளிர்' என்று மட்டும்தான் இருக்கிறது. போன மாதத்து நிலவில் எங்களுக்குத் தந்தையும் இருந்தார், மலையும் இருந்தது, இந்த மாதத்து நிலவில் இரண்டும் இல்லை என்று ஐந்தே அடியில் சொன்னவர்களுக்குத் தங்களுக்கென்று ஒரு பெயர் பதிவாகவில்லை. பாரி என்ற பெயரோடுதான் அவர்கள் எங்களிடம் வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

பழமொழி நானூற்றில் ஒரு வெண்பா இருக்கிறது. மழை பொய்த்து நாடே வறண்ட காலம். பாணன் ஒருவன் பசியோடு வருகிறான். வீட்டில் அரிசி இல்லை. பாரியின் மகள் பொன்னை எடுத்துச் சோறாக அவனுக்குக் கொடுக்கிறாள். அங்கேயும் 'பாரி மடமகள்' என்பதுதான் பெயர். ஒன்றும் இல்லாத வீடு என்று உலகத்தில் எதுவும் இல்லை என்ற பழமொழியோடு அந்தப் பாட்டு முடிகிறது.

உங்கள் மாமியாருக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். அவர் கண்டது பாரியின் முடிவை. ஒன்றும் இல்லாத காலத்திலும் கொடுத்தவள் ஒரு பெண், அவளும் பாரியின் பெயரால்தான் அறியப்படுகிறாள். பாரி இனி ஆணுக்கு மட்டும் உரிய பெயர் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

நெத்தலியாறு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. வவுனிக்குளம் ஐயா எழுதியதை இவருக்கு வாசித்துக் காட்டினேன், இவர் ஒன்றும் பேசாமல் எழும்பிப் போய்க் கச்சான் தோட்டத்துக்குத் தண்ணீர் மாறிவிட்டு வந்து, "இனி யோசிக்கிறதுக்கு என்ன இருக்கு?" என்றார்.

மாமிக்குப் பாணனின் கதையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, பொன்னைச் சமைத்தா கொடுத்தவள் என்று கேட்டா. சோறு மாதிரிப் போட்டுக் கொடுத்தாள் என்றேன். பங்கரில் அப்பா எங்களுக்குச் சொன்ன நான்கு பொருளைப் பற்றியும் அப்போதுதான் முதல் தடவையாக மாமியிடம் சொன்னேன். அவவும் அதே இரணைப்பாலையில் எங்களுக்குக் கிட்டத்தான் இருந்திருக்கிறா. முழுச் சம்மதம் என்று சொல்ல மாட்டேன். "எழுதுறதை எழுதுங்கோ, நான் ராசா எண்டுதான் கூப்பிடுவன்" என்றா. எனக்கு அது போதும்.

முள்ளியவளை அக்கா, நீங்கள் கஷ்டங்களையும் மறைக்காமல் எழுதியது பெரிய உதவி. முல்லைக்கு நேற்றே தேர்க் கதையைச் சொல்லத் தொடங்கிவிட்டேன். அவளுக்கு இப்போது தங்கச்சிதான் தனக்குத் தேர் தரப் போகிறாள் என்று எண்ணம். பரந்தன் தம்பி, பாரியார் பகிடி வரும்தான், எனக்கும் பள்ளிக்கூடத்தில் பட்டப்பெயர் இருந்தது, அதைத் தாங்கலாம். கற்சிலைமடு ஐயா, உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை, ஆனால் பண்டார வன்னியனின் கல்லைப் பற்றி நீங்கள் எழுதியதைத்தான் மாமி இரண்டாம் தடவையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டா.

31 முடிய வருகிற திங்கட்கிழமை பதிவாளரிடம் போகிறோம். கண்டாவளை அண்ணா, ஆங்கிலத்தில் இரண்டு 'ஏ' போட்டுத்தான் எழுதப் போகிறோம். ஒரே ஒரு கேள்வி: தகப்பன் பெயரை முன்னுக்குப் போட்டுப் பிள்ளையின் பெயரைப் பின்னுக்கு எழுதினால் போதுமா, முல்லையின் பத்திரத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியேதான் இதையும் எழுத வேண்டுமா?

கண்டாவளை எழுதியது:

முல்லையின் பத்திரத்தையும் கையோடு கொண்டு போங்கோ அக்கா. ஒரே வீட்டுப் பிள்ளைகளுக்குத் தகப்பன் பெயர் ஒரே இடத்தில், ஒரே எழுத்துக்கூட்டலில் இருந்தால் பின்னுக்குப் பள்ளிக்கூட அனுமதியிலும் பாஸ்போட்டிலும் கேள்வி வராது. எழுதி முடிந்ததும் கையெழுத்து வைக்கும் முன் ஒருக்கால் நீங்களே வாசித்துப் பாருங்கோ. பாரி என்பதை 'பரி' என்று எழுதிவிடாமல்.